ஜெரால்டின் கடைசிப் பட்டன்

மோர்டனில் இருக்கும் சாருஜாவின் வீட்டுக்கு தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாய் வந்தது. அதன் பெயர் ஜெரால்ட்.

பெயரை மாற்றலாமா என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. அப்பா “வீமன்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அம்மா “மணி” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணா கீர்த்தனன் தனக்குப் பிடித்த கால்பந்து வீரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். நாய் ஜன்னல் வழியாக மழையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஜெரால்ட்” என்றாள் சாருஜா.

நாய் உடனே திரும்பி, ‘சொல்லுங்கள்’ என்பதுபோலப் பார்த்தது. அதோடு ஆலோசனை முடிந்தது. அன்றிலிருந்து அவனை “அது” என்று சொல்வதையும் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஜெரால்ட் ஒரு கிரேஹவுண்ட். நீளமான கால், நீளமான மூக்கு, ஒட்டிய வயிறு. ஓட்டப்பந்தய நாயாக இருந்தவன். ஒரு பந்தயத்தில் பின்னங்கால் முறிந்துபோனதால் நான்கு வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டான். பஸ் ஓட்டும் அப்பாவுக்கு அந்த ஓய்வின்மேல் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஜெரால்டைக் கூட்டிவந்தவர் நாய்கள் காப்பகத்தைச் சேர்ந்த ஹெலன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். காலையும் மாலையும் அளந்து ஒரு கிண்ணம் நாய் உணவு. வேறு ஒன்றும் கூடாது. வெங்காயம், மிளகாய், சொக்லட் எதுவும் கிட்டவே வரக்கூடாது. கிரேஹவுண்டுக்குக் கடைசி விலா எலும்புகள் இரண்டு கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். அதுதான் அளவான உடம்பு. எடை கூடினால் அந்தக் கால் தாங்காது.

“மார்ச் மாதம் வந்து பார்ப்பேன். நன்றாக இருந்தால் ஜெரால்ட் உங்களுக்குத்தான். இல்லாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டிவரும்” என்றார் ஹெலன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே, வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்த ஹெலனின் தட்டில் மூன்றாவது வடையை வைத்தார்.

சாருஜா அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த வாரமே வசந்தமலர் அன்ரி வந்தார். பாரிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு மோர்டனுக்குக் குடிவந்தவர். யாரைக் கண்டாலும் “மெலிஞ்சு போனாய்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கதவுக்குள் நுழையமுடியாத அளவு பருமனான ஒரு மாமாவிடமும் அப்படித்தான் சொன்னார். மாமா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

ஜெரால்டைக் கண்டதும் அன்ரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன பிறேமினி இது. விலா எலும்பை எண்ணலாம் போல கிடக்கு. பாக்கிற சனம் என்ன நினைக்கும்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அது அந்த இனத்தின் உடம்புவாகு என்று அம்மா சொல்லிப் பார்த்தார். காப்பகத்துக்காரர் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றார் அன்ரி. பிறகு தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்னது போகவில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

அந்த மாதம் குளிர் கடுமையாக இருந்தது. ஜெரால்டுக்கு உடம்பில் முடி மிகவும் குறைவு. பூங்காவுக்குப் போனால் நான்கு காலும் நடுங்கும். அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுவது என்று சாருஜா முடிவெடுத்தாள்.

சாருஜாவுக்குப் பத்து வயது. பள்ளியில் மதிய இடைவேளையில் நடக்கும் பின்னல் வகுப்பில் பழகியிருந்தாள். அதுவரை அவள் பின்னியதெல்லாம் கழுத்துச் சால்வைகள்தான். சால்வைக்கு அளவு தேவையில்லை. அலுப்பு வரும்போது நிறுத்தினால் போதும். அண்ணாவுக்குப் பின்னியபோது அலுப்பே வரவில்லை. அவனுடைய சால்வை முழங்கால்வரை தொங்கியது.

ஸ்வெட்டர் அப்படியில்லை. ஜெரால்டின் கழுத்து, முதுகு, வயிறு எல்லாவற்றையும் நாடாவால் அளந்தாள். பழைய பொருள் கடையில் நீலக் கம்பளி நூல் வாங்கினாள். பள்ளி விட்டு வந்ததும் பின்னினாள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டும் பின்னினாள். வயிற்றுக்குக் கீழே பூட்டுவதற்கு மூன்று பட்டன்கள் வைத்துத் தைத்தாள்.

போட்டுப் பார்த்தபோது முதல் பட்டன் பூட்டியது. இரண்டாவதும் பூட்டியது. மூன்றாவது பட்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருந்தது.

“நீ நாயை அளந்தனியோ, பக்கத்துவீட்டுப் பூனையை அளந்தனியோ?” என்று கேட்டான் கீர்த்தனன்.

சாருஜா ஸ்வெட்டரைக் கழற்றி எடுத்தாள். வயிற்றுப் பக்கத்தை மட்டும் உருவிப் பிரித்து, இன்னும் அகலமாகப் பின்னினாள். அதற்கு மேலும் ஒன்றரை வாரம் போனது. திரும்பப் போட்டுப் பார்த்தாள். முதல் பட்டன் பூட்டியது. இரண்டாவது இழுத்துப் பூட்டியது. மூன்றாவதற்கு இப்போது நான்கு விரல் இடைவெளி.

சாருஜாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தரையில் ஜெரால்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஜெரால்ட் தன் நீள மூக்கை அவள் கன்னத்தில் வைத்தான்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. கழுத்து அளவு சரியாக இருந்தது. முதுகு நீளமும் சரியாக இருந்தது. வயிறு மட்டும்தான் பிழை. தனக்கு அளக்கத் தெரியாவிட்டால் எல்லா இடமும் அல்லவா பிழையாக இருந்திருக்கும்?

ஹெலன் காட்டிய இடத்தில் கைவைத்து விலா எலும்பைத் தேடினாள். எலும்பு அகப்படவில்லை. நல்ல தலையணை மாதிரி ஏதோ அகப்பட்டது.

அன்று பின்னேரம் பூங்காவில் ஜெரால்ட் பாதியில் நின்றுவிட்டான். முறிந்து ஆறிய பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாருஜாவைப் பார்த்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் மெதுவாக, நின்று நின்று வீட்டுக்கு வந்தார்கள். வழி முழுக்க அவள் மார்ச் மாதத்தைப் பற்றித்தான் நினைத்தாள்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். “இந்த வீட்டில ஆரோ ஜெரால்டுக்குச் சாப்பாடு குடுக்கினம். அவனுக்குக் கால் நோகுது.”

மேசை அதிர்ச்சியில் உறைந்தது. அது யாராக இருக்கும் என்று அப்பா கேட்டார். இந்த வீட்டிலா இப்படி நடக்கிறது என்று அம்மா கேட்டார். இது அநியாயம் என்றான் கீர்த்தனன். உடனே நிறுத்த வேண்டும் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. ஒருவரையொருவர் சந்தேகமாகவும் பார்த்துக்கொண்டார்கள்.

மேசைக்குக் கீழேயிருந்து ஜெரால்ட் மூன்று பேரையும் அன்போடு பார்த்தான்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. சாருஜா படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையும் தெரியும், குசினியில் அம்மா சமைப்பதும் தெரியும். பின்னிக்கொண்டிருக்கிற ஆளை யாரும் கவனிப்பதில்லை. கதிரை, அலுமாரி மாதிரி அதுவும் வீட்டில் ஒரு பொருள்.

காலையில் அம்மா கீர்த்தனனுக்கு முன்னால் ஒரு தட்டு புட்டும் வாழைப்பழமும் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். தட்டு மேசைக்குக் கீழே போனது. சுத்தமாகத் திரும்பி வந்தது.

“அம்மாட்டச் சொல்லிப்போடாதை” என்று கீர்த்தனன் மேசைக்குக் கீழே குனிந்து சொன்னான்.

வெறும் தட்டைக் கண்ட அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து ஒரு சின்னச் சட்டி வெளியே வந்தது. அம்மா குந்தியிருந்து ஜெரால்டுக்கு முன்னால் வைத்தார்.

“வெங்காயம் போடேல்லை, உறைப்பும் இல்லை. பயப்பிடாமல் சாப்பிடு” என்றார். பிறகு அவன் காதைத் தடவிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். “எங்கட பிள்ளையளுக்குப் பாஸ்தா வேணும், பீட்சா வேணும். நான் சமைச்சதை ஒரு கேள்வியும் கேக்காமல் சாப்பிடுறது நீ ஒருத்தன்தான். அப்பாட்டச் சொல்லாதை, என்ன.”

சாருஜாவின் ஊசி நின்றது. முதல்நாள் இரவு “திரும்பவும் சோறோ?” என்று கேட்டது அவள்தான்.

அப்பா விடியற்காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். அம்மா அந்த நேரம் சற்றுக் கண்ணயர்ந்திருப்பார். அப்பா தனியாக மேசையில் உட்கார்ந்து, சோற்றையும் கறிகளையும் ஒன்றாகக் குழைத்து உருண்டை பிடித்தார். ஜெரால்டுக்கென்று ஒரு பக்கத்தில் வெறும் சோறும் தயிரும். தனக்கு ஓர் உருண்டை, ஜெரால்டுக்கு ஓர் உருண்டை. வெங்காயம் கூடாது என்று ஹெலன் சொன்னதை மட்டும் அந்த வீட்டில் எல்லோரும் கவனமாகக் கேட்டிருந்தார்கள்.

“இண்டைக்கு ஒரு மனுசன் கட்டிலோட வந்து பஸ்ஸில ஏறப் பாத்தது” என்று அப்பா ஜெரால்டிடம் சொன்னார். “நான் ஏலாது எண்டன். மெத்தையை மட்டும் ஏத்தலாமோ எண்டு கேக்குது.”

ஜெரால்ட் கவனமாகக் கேட்டான்.

“முந்தி இந்த ரெண்டு பிள்ளையளும் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில நிக்கும். குழையல் எண்டால் அவ்வளவு விருப்பம். இப்ப வளந்திட்டுதுகள். பரவாயில்லை, நீ இருக்கிறாய்” என்று கடைசி உருண்டையையும் கொடுத்தார். “அம்மாட்டச் சொல்லாதை.”

ஜெரால்ட் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பேருடைய இரகசியத்தையும் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு சாருஜா கட்டிலில் படுத்து மேலே கூரையைப் பார்த்தாள். குற்றவாளிகள் மூன்று பேரும் அகப்பட்டுவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சின்னச் சட்டி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜெரால்டுக்குப் பசிக்கிறது என்று மூன்று பேரில் ஒருவர்கூட ஊட்டவில்லையே.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, சாருஜா எதிரே வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

அப்பா அந்தக் கையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அவசரமாகக் குழைத்து ஒரு பெரிய உருண்டையை வைத்தார். கத்தரிக்காய், பருப்பு, பொரித்த மிளகாயின் ஒரு துண்டு எல்லாம் அதில் இருந்தன. அவளுக்கு மூக்கால் நீர் வந்தது. இன்னொன்று கேட்டாள்.

ஜெரால்டும் மேசையில் தாடையை வைத்தான். அப்பாவின் கை தயிர்ச் சோற்றுக்குப் போனது.

“வேண்டாம் அப்பா” என்ற சாருஜா, அப்பாவின் மற்றக் கையைப் பிடித்து ஜெரால்டின் விலாவில் வைத்தாள். “கடைசி எலும்பு எங்க எண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்.”

அப்பா தேடினார். அங்கே தேடினார், இங்கே தேடினார். அவருடைய முகம் மெல்ல மாறியது.

“இவ்வளவும் நான் குடுத்ததோ பிள்ளை?”

“உங்கட பங்கும் இருக்கு” என்றாள் சாருஜா. மற்றப் பங்குகள் யாருடையவை என்று அவள் சொல்லவில்லை. அந்தக் கட்டில்காரருக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். அப்பா மூன்று உருண்டை நேரத்துக்கு அந்தக் கதையைச் சொன்னார். பள்ளி தொடங்கியதும், தான் வரும்வரை சாப்பிடாமல் இருக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, பிஸ்கட்டோடு சமாளிக்கிறேன் என்றார்.

கீர்த்தனனைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. தான் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை என்றான். சாருஜா படிக்கட்டைச் சுட்டிக்காட்டி, தான் அங்கே இருந்ததைச் சொன்னாள்.

“காலமை எழும்பின உடன எனக்குச் சாப்பிட ஏலாது, சாரு. வேண்டாம் எண்டால் அம்மா கவலைப்படுவா.”

“அதுக்கு ஜெரால்ட் நொண்டோணுமோ? அம்மாட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டன்.”

அடுத்த நாள் காலை புட்டுத் தட்டு வந்தது. கீர்த்தனன் அதைப் பார்த்தான். படிக்கட்டில் இருந்த தங்கையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“அம்மா, உங்கட புட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா காலமை எனக்கு இறங்குதில்லை. பின்னேரம் தாங்கோ. பின்னேரம் எவ்வளவு எண்டாலும் சாப்பிடுவன்.”

அம்மா கரண்டியோடு நின்றார். “அப்ப இவ்வளவு நாளும் ஆர் சாப்பிட்டது?”

கீர்த்தனன் ஜெரால்டைப் பார்த்தான். ஜெரால்ட் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான்.

அம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அப்போதுதான் அடுப்பில் இருந்த சின்னச் சட்டி அவர் கண்ணில் பட்டது. வாயை மூடினார். பிறகு சட்டியையும் மூடினார்.

“அதில என்ன அம்மா இருக்கு?” என்று சாருஜா போய்க் கேட்டாள்.

“ஒண்டுமில்லை. கோழி. உறைப்பில்லாதது.”

“எனக்குத் தாங்கோ.”

அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், உறைப்பும் வெங்காயமும் இல்லாத கோழிக்கறி அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. சாருஜா முழுவதையும் சாப்பிட்டாள். இதையே உறைப்புப் போட்டுச் சமைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அம்மா அன்று முழுக்கச் சமைத்துப் பதில் சொன்னார்.

பள்ளி திரும்பவும் தொடங்கியது. நாலு மணிக்குச் சாப்பாடு என்று ஆனது. அப்பா இரண்டு மணியிலிருந்து கடிகாரத்தோடு சண்டை பிடித்தார். நாலு மணிக்குப் பெரிய பாத்திரத்தில் குழைப்பார். சாருஜாவின் கை நீளும். கீர்த்தனனின் கை அதை இடித்துத் தள்ளிக்கொண்டு நீளும். ஒரு நாள் மூன்றாவதாகவும் ஒரு கை நீண்டது. அதில் வளையல் இருந்தது.

“என்ன பாக்கிறியள்? எனக்கும் பசிக்காதோ?” என்றார் அம்மா.

ஜெரால்டின் கிண்ணமும் அதே நேரத்துக்கு, அதே மேசைக்குப் பக்கத்தில் வந்தது. அவன் ஓட்டப்பந்தய வேகத்தில் முடித்துவிட்டு, உலகத்திலேயே தான்தான் பாவம் என்பதுபோல எல்லோரையும் பார்ப்பான். அப்போது எல்லோரும் மேலே கூரையைப் பார்ப்பார்கள். அம்மாவால் சில நாள் தாங்க முடியாது. எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

சாருஜா அந்த ஸ்வெட்டரைத் திரும்பப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜெரால்டுக்குப் போட்டுக் கடைசிப் பட்டனுக்கு விரல் வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் மூன்றானது. மூன்று இரண்டானது. வீட்டில் எல்லோரும் சுற்றிநின்று பார்த்தார்கள். அப்பா ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சைப் பிடிக்க வேண்டியது ஜெரால்ட்தான் என்று அம்மா ஞாபகப்படுத்தினார்.

ஹெலன் வரவிருந்த சனிக்கிழமை காலையில் இடைவெளி அரை விரல்.

“பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தையன்” என்று கீர்த்தனன் காதுக்குள் சொன்னான். “ஆருக்குத் தெரியும்?”

சாருஜா ஊசியைக்கூடக் கையில் எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள். “பட்டனைத் தள்ளலாம். எலும்பைத் தள்ள ஏலுமோ?”

ஹெலன் வந்தார். ஜெரால்டை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்கவிட்டார். பின்னங்காலைத் தடவிப் பார்த்தார். கையோடு கொண்டுவந்த தராசில் ஏற்றினார். அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. வரும்போது இருந்ததைவிட எடை சற்றுக் கூட என்றார்.

 அம்மா வடைத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாருஜா ஸ்வெட்டரோடு முன்னால் வந்தாள். இதைவிட மிகவும் கூடியிருந்தது என்றாள். நூல் இழுபட்டு நின்ற இடத்தைக் காட்டி, இந்த மூன்று வாரத்தில் எவ்வளவு குறைந்தது என்பதையும் சொன்னாள். இன்னும் அரை விரல் மிச்சம் என்பதையும் மறைக்கவில்லை. 

யார் கொடுத்தார்கள் என்று ஹெலன் கேட்டார்.

“நான்” என்றார் அப்பா.

“நான்” என்றார் அம்மா, அதே நேரத்தில்.

“நானும்தான்” என்றான் கீர்த்தனன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். இந்தத் தடவை ஆச்சரியம் உண்மையானது.

ஹெலன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கப் பாடுபட்டார் என்பது மட்டும் தெரிந்தது. ஸ்வெட்டரை வாங்கி ஜெரால்டுக்குத் தானே போட்டார். ஒரு பட்டன். இரண்டு பட்டன். மூன்றாவதை இழுத்துப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஜெரால்ட், நீண்ட நாள் இரகசியங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்ட நிம்மதியில், ஒரு பெரிய பெருமூச்சு விட்டான்.

பட்டன் பூட்டிவிட்டது.

“கால் நன்றாக இருக்கிறது” என்றார் ஹெலன். “வாரா வாரம் இவனை அளந்து பார்க்கிற ஆளும் வீட்டில் இருக்கிறார். நான் வேறு வீடு தேடத் தேவையில்லை.” பிறகு வடைத் தட்டைப் பார்த்து, தனக்கு இரண்டு போதும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். அம்மா ஐந்து வடைகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் வசந்தமலர் அன்ரி வந்தார். ஜெரால்டைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்தார். “இவன் இன்னும் மெலிஞ்சு போனானே.”

“ஓம் அக்கா” என்றார் அம்மா பெருமையாக. “வடிவாய் மெலிஞ்சிட்டான்.”

அன்ரி அடுத்ததாகக் கீர்த்தனன் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். மேலும் கீழும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

கீர்த்தனன் மெதுவாகப் பின்வாங்கி, படிக்கட்டில் பின்னிக்கொண்டிருந்த தங்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பள்ளிக் காற்சட்டையின் பூட்ட முடியாத பட்டனை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சாரு” என்றான் தணிந்த குரலில். “அந்த நீல நூல் இன்னும் மிச்சம் இருக்கோ?”